கிரியேட்டின்: சைவ உணவுக்காரர்களுக்கு உண்மையில் பயன் உண்டா? கிட்னி பயம் எவ்வளவு நியாயம்?

நொய்யல்_கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். வயது 36, பரம்பரைச் சைவம், முட்டைகூடக் கிடையாது. காலையில் ஜிம்முக்குப் போய் எடை தூக்கும் பழக்கம் இருக்கிறது. ஸ்குவாட், பெஞ்ச் எல்லாம் நன்றாக ஏறிக்கொண்டு வந்து, இப்போது ஓரிடத்தில் நின்றுவிட்டது. மாஸ்டர், பவுடராக விற்கும் கிரியேட்டின் என்ற சப்ளிமென்ட்டை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். வீட்டில் அம்மா கூடவே கூடாது என்கிறார். எங்கள் பெரியப்பா நெடுநாள் டயாலிசிஸில் இருந்து காலமானவர், அதனால் அம்மாவின் பயத்தை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் விற்பனைப் பேச்சு, இன்னொரு பக்கம் மிரட்டல். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது உடம்பில் என்ன செய்கிறது? சைவக்காரர்களுக்குக் கூடுதல் பலன் என்கிறார்களே, அது சரியா? கிட்னி விஷயத்தில் உண்மை நிலவரம் என்ன?

இரும்புப்பட்டறை (மதுரை)

தம்பி, நான் ஜிம் நடத்துகிறவன். பவுடர் விற்பதில்லை, எந்தக் கம்பெனியோடும் தொடர்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தசை சுருங்குவதற்குச் செலவாவது ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. தசையில் அதன் கையிருப்பு மிகக் குறைவு, முழு வேகத்தில் உழைத்தால் ஓரிரு விநாடிக்குத்தான் தாங்கும். செலவானதை உடனுக்குடன் ஈடுகட்டித் தருவது, கிரியேட்டினிலிருந்து தசை செய்துகொள்ளும் பாஸ்போகிரியேட்டின். முழுமூச்சான உழைப்பில் அதுவும் பத்து விநாடி வாக்கில் பெருமளவு குறைந்துவிடும். நீங்கள் இரண்டு செட்டுக்கு நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது மறுபடி நிரம்பும். கிரியேட்டின் சாப்பிட்டால் இந்தக் கையிருப்பு பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 20 சதவீதம் கூடுகிறது, தொடக்கத்தில் குறைவாக இருந்தவர்களுக்கு அதற்கும் மேலே. ஜிம்மில் இது தெரிவது இப்படித்தான்: கனமான செட்டில் ஓரிரண்டு ரெப், அதாவது ஓரிரண்டு தூக்கல், கூடுதலாக வரும், அடுத்த செட்டுக்குச் சீக்கிரம் தயாராகிவிடுவீர்கள். அந்தக் கூடுதல் ரெப்புகள் மாதக்கணக்கில் சேர்ந்துதான் பலமும் தசையும் ஆகின்றன. பவுடர் தானாகத் தசை கட்டித் தராது.

இது புதிதாகச் செய்த ரசாயனமும் இல்லை. 1832ல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். 1847ல் ஜெர்மனியில் லீபிக், வேட்டையில் ஓடி இறந்த காட்டு நரிகளின் தசையில், கூண்டில் வளர்ந்த நரிகளைவிடப் பத்து மடங்கு கிரியேட்டின் இருந்ததாக எழுதினார். ஓட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை அப்போதே கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் சாப்பிட்டால் தசைக்குள் போய்ச் சேருமா என்பது தெளிவானது 1992ல்தான். ராஜர் ஹாரிஸும் சுவீடனைச் சேர்ந்த அவருடைய சகாக்களும் தசையிலிருந்து துளி எடுத்துப் பார்த்து, சேருகிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற லின்ஃபோர்ட் கிறிஸ்டி இதைப் பயன்படுத்தினார் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. அதன்பிறகுதான் உலகமெங்கும் பரவியது.

இனி சைவக் கேள்வி. நம் உடம்பே ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களிலிருந்து சிறுநீரகத்திலும் ஈரலிலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிராம் கிரியேட்டின் தயாரிக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உணவில் இன்னொரு கிராம் வரும். பருப்பில், காய்கறியில் இது அறவே இல்லை. பாலில் கிலோவுக்கு 0.1 கிராம்தான். அதனால் சைவக்காரர்களின் தசையில் இருப்பு குறைவு, கொடுத்தால் ஏற்றமும் அதிகம். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஏற்கெனவே மீனும் கறியும் நிறையச் சாப்பிட்டு இருப்பு நிறைந்திருப்பவர்களில் சிலருக்கு ஒரு மாற்றமும் தெரியாமல் போவதும் உண்டு.

அப்புறம், கடையில் வரும் பவுடர் விலங்கிலிருந்து எடுத்ததல்ல, தொழிற்சாலையில் வேதி முறையில் செய்வது. மாத்திரையாக வாங்கினால் மட்டும் அதன் கூடு ஜெலட்டினா என்று பாருங்கள். பவுடர் டப்பாவில் சைவ அடையாளமான பச்சைப் புள்ளி இருக்கும்.

பனங்கிழங்கு (தூத்துக்குடி)

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் மத்தி மலிவு. மத்தி இனத்து மீனான ஹெர்ரிங்கில் கிலோவுக்கு 6.5 முதல் 10 கிராம் வரை கிரியேட்டின் இருப்பதாகக் கணக்கு. உப்பளத்தில் மூட்டை தூக்குகிற ஆட்கள் அதையும் சோற்றையும் தின்றுதான் அந்தப் பலத்தோடு இருக்கிறார்கள். ஆண்டாண்டாக டப்பா இல்லாமல் நடந்த வேலைக்கு இன்று ஏன் டப்பா?

இன்னொன்று. 2025ல் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வைப் படித்துப் பாருங்கள். 54 பேர். ஒரு பாதிக்கு முதல் வாரம் பயிற்சி இல்லாமலே தினம் 5 கிராம் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரத்திலேயே கொழுப்பில்லா எடை சராசரியாக அரைக் கிலோ கூடிவிட்டது. பயிற்சியே இல்லாமல் ஒரு வாரத்தில் தசை வளருமா? தசை பிடித்துவைத்த தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். பிறகு இரண்டு அணியையும் 12 வாரம் எடை தூக்க வைத்தார்கள். இரண்டு அணிக்கும் கூடியது ஒரே அளவு, சுமார் 2 கிலோ. அப்படியானால் பழைய ஆய்வுகளில் "தசை" என்று எண்ணியதில் எவ்வளவு தண்ணீர்?

இரும்புப்பட்டறை (மதுரை)

நல்ல கேள்வி. அந்த ஆய்வை நானும் படித்தேன், அதை ஒதுக்கிவிட முடியாது. முதல் சில வாரங்களில் கூடும் 1 முதல் 2 கிலோ பெரும்பாலும் தண்ணீர்தான். அதைத் தசை என்று விற்கிறவர்களை நம்பக் கூடாது.

ஆனால் அது தசை எடையைப் பற்றிய கேள்வி. பலமும் திரும்பத் திரும்பச் செய்யும் வேகமும் வேறு கேள்வி. அதில் முப்பது ஆண்டு ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விளம்பர வாசகங்களை எளிதில் அனுமதிக்காது. அதுவே 2011ல், தினம் 3 கிராம் கிரியேட்டின் குறுகிய நேரக் கடும் உழைப்பைத் திரும்பத் திரும்பச் செய்யும் திறனைக் கூட்டுகிறது என்பதை ஏற்றுக்கொண்டது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018ல் வெளியிட்ட அறிக்கையிலும் நல்ல சான்றுள்ள சப்ளிமென்ட்கள் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சொன்னார்கள். காஃபீன், நைட்ரேட், பீட்டா அலனைன், சோடியம் பைகார்பனேட் ஆகியவற்றோடு கிரியேட்டினும் அதில் இருக்கிறது. சந்தையில் ஆயிரக்கணக்கில் விற்பனையாகும் டப்பாக்களில் இத்தனைதான் தேறின என்பதையும் கவனியுங்கள்.

மத்தி பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வாரம் முழுக்க மத்தி சாப்பிடுகிறவருக்கு நானும் பவுடர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் ஒமேகா 3, கால்சியம், புரதம் எல்லாம் கிடைக்கிறது, டப்பா அதைத் தராது. கேட்டிருப்பவர் முட்டையும் தொடாதவர். அவருக்கு மத்தி பதில் இல்லை.

சோதனைக்குழாய் (கோவை)

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கிட்னி கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் வாரம் தவறாமல் எங்கள் கவுண்டருக்கு வருகிறது.

உடம்பில் உள்ள கிரியேட்டின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கிரியேட்டினின் என்ற கழிவாகிறது, ஏறக்குறைய நாளுக்கு 2 கிராம். அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறினால், வடிகட்டுவது குறைந்திருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகிப்பது இதனால்தான். ஆனால் வடிகட்டி நன்றாக இருக்கும்போதே கழிவின் வரத்து கூடினாலும் அந்த எண் ஏறும். கிரியேட்டின் சாப்பிடுவது, தசை நிறைய இருப்பது, முந்தின நாள் நிறையக் கறி சாப்பிட்டது, கடுமையாக உடற்பயிற்சி செய்துவிட்டு நேராக ரத்தம் கொடுக்க வருவது, இவை எல்லாமே எண்ணைக் கொஞ்சம் உயர்த்தும்.

நான் பார்த்த ஒரு பையனுக்குக் கிரியேட்டினின் 1.4 வந்தது. ஆண்களுக்கு வழக்கமாக 0.7 முதல் 1.3 வரை எழுதுவோம். eGFR என்று போடுகிறோமே, அந்த வடிகட்டும் வேகமும் கிரியேட்டினினை வைத்துப் போடும் கணக்கு என்பதால் அதுவும் குறைவாகக் காட்டியது. குடும்பமே பதறிப்போனது. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் பவுடர் பற்றிக் கேட்கவில்லை, பையனும் சொல்லவில்லை. பிறகு வேறொரு மருத்துவர் சிஸ்டாட்டின் சி என்ற சோதனையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவும் பார்க்கச் சொன்னார். இரண்டுமே சரியாக இருந்தன. சிஸ்டாட்டின் சி உடம்பின் ஏறக்குறைய எல்லா வகைச் செல்களும் வெளியிடும் புரதம், தசை அளவாலும் கிரியேட்டினாலும் அவ்வளவாக மாறாது. பவுடர் எடுப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால் இந்த இரண்டையும் கேளுங்கள். எல்லாக் கூடங்களிலும் சிஸ்டாட்டின் சி செய்வதில்லை, பெரிய கூடங்களுக்கு அனுப்பித் தருவார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றால், 1998ல் லான்செட் இதழில் ஒரு நோயாளியைப் பற்றி வந்த கடிதம் அதில் பெரிய பங்கு. 25 வயதுக்காரர், ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர், கிரியேட்டின் எடுத்தபோது அளவுகள் மோசமாகி, நிறுத்தியதும் சரியாயின. அதற்கு முந்தின ஆண்டு அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தபோதும் முதலில் கிரியேட்டின் மேல்தான் பழி விழுந்தது. விசாரணையில், போட்டி எடைக்கு இறங்குவதற்காகச் சூட்டில் உடம்பை வற்ற வைத்ததே காரணம் என்று தெரிந்தது.

மறுபக்கம் பார்த்தால், அமெரிக்காவிலும் கனடாவிலும் பார்க்கின்சன் நோயாளிகள் 1,741 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கிரியேட்டின் பெற்ற பாதிப் பேருக்குத் தினம் 10 கிராம், குறைந்தது ஐந்து ஆண்டு என்பது திட்டம். நோய்க்குப் பலன் இல்லை என்று 2013ல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் பாதுகாப்பு பற்றிய கவலையால் நிறுத்தவில்லை. வயதான, நோயுற்ற அத்தனை பேரிலும் சிறுநீரகக் கேடு என்று பெரிதாக எதுவும் தென்படவில்லை. பிரேசிலில் ஒரே சிறுநீரகம் உள்ள 20 வயது இளைஞர் ஒருவருக்கு முதல் ஐந்து நாள் 20 கிராம், பிறகு தினம் 5 கிராம் என்று கொடுத்து, கதிரியக்கப் பொருளைக்கொண்டு நேரடியாக வடிகட்டும் வேகத்தை அளந்ததும் பதிவாகியிருக்கிறது. வேகம் குறையவில்லை. ஒருவரைப் பற்றிய பதிவுதான், அதை வைத்து எல்லோருக்கும் அனுமதி கொடுக்க முடியாது. ஆனால் கிரியேட்டினின் ஏறினாலும் வடிகட்டுவது குறையாமல் இருக்கலாம் என்பதற்கு நேரடிச் சாட்சி.

ஆக, ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு 3 முதல் 5 கிராம் கேடு செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள், சர்க்கரையாலோ ரத்த அழுத்தத்தாலோ சிறுநீரில் புரதம் போகிறவர்கள், கிட்னியைப் பாதிக்கும் மருந்துகளில் இருப்பவர்கள், இவர்களெல்லாம் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நொய்யல்_கரை, உங்கள் பெரியப்பாவுக்கு எதனால் சிறுநீரகம் போனது என்று வீட்டில் விசாரியுங்கள். சர்க்கரை என்றால் ஒன்று. பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் என்றால் உங்களுக்கு ஸ்கேன் பார்ப்பது பவுடரைவிட முக்கியம். ஆரம்பிக்கும் முன் கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் எண் மாறினால் ஒப்பிட ஒன்று வேண்டும்.

நொய்யல்_கரை (திருப்பூர்)

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. பெரியப்பாவுக்குச் சர்க்கரைதான். எனக்கு இதுவரை இல்லை, ஆனாலும் சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன். இன்னும் இரண்டு சந்தேகம்: லோடிங் என்று முதல் வாரம் தினம் 20 கிராம் எடுக்கச் சொல்கிறார்களே, அவசியமா? மூளைக்கும் நல்லது என்கிறார்களே?

இரும்புப்பட்டறை (மதுரை)

அவசியமில்லை. 1996லேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஆறு நாள் தினம் 20 கிராம் எடுத்தவர்களும், 28 நாள் தினம் 3 கிராம் எடுத்தவர்களும் கடைசியில் ஒரே அளவுக்கு, ஏறக்குறைய 20 சதவீதம், வந்து சேர்ந்தார்கள். போட்டி நெருங்கிவிட்டது என்றால் வேகமான வழி உதவும். மற்றவர்களுக்கு அந்த 20 கிராம் வயிற்றுப்போக்கையும் வயிறு உப்புசத்தையும்தான் தரும். தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி, பயிற்சி இல்லாத நாளிலும் விடாமல். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

மூளை விஷயத்தில் ஆசையை அடக்கிவைப்பது நல்லது. 2003ல் சிட்னியில் 45 சைவக்காரர்களுக்கு ஆறு வாரம் தினம் 5 கிராம் கொடுத்ததில் நினைவாற்றல் தேர்வுகளில் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். ஆனால் 2023ல் 123 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் பலன் இருந்தால் மிகச் சிறியது என்றுதான் வந்தது, சைவம் அசைவம் என்ற வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே பலத்துக்காக எடுங்கள். மூளைக்காக வாங்காதீர்கள்.

மேப்பிள்_நிழல் (டொராண்டோ)

இந்த இழையில் ஆண்பிள்ளைகளின் ஜிம் கதையாகவே போகிறபடியால் நானும் எழுதுகிறேன். எனக்கு 58 வயது, யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே குடியேறினவள். மாதவிடாய் நின்றபிறகு எலும்பு தேய்கிறது என்று வைத்தியர் சொல்லி, கிழமைக்கு மூன்று நாள் எடை தூக்கப் போகிறேன். எங்களைப் போன்ற பெண்களில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன்.

இங்கே கனடாவிலேயே, சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தார் மாதவிடாய் நின்ற 237 பெண்களை வைத்து இரண்டு வருடம் ஆராய்ந்து 2023ல் வெளியிட்டிருக்கிறார்கள். எல்லோரும் எடைப் பயிற்சியும் நடையும் செய்தார்கள். பாதிப் பேருக்குக் கிரியேட்டின், மற்றப் பாதிக்கு வெறும் மாவு. எலும்பின் அடர்த்தியில் இரு பகுதிக்கும் வித்தியாசமே இல்லை. இதைச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன், ஏனென்றால் எலும்புக்கு நல்லது என்று சொல்லித்தான் எங்கள் வயதுப் பெண்களுக்கு இதை இப்போது விற்கிறார்கள். நடை வேகத்தில் மட்டும் சிறிய முன்னேற்றம் இருந்தது.

தசைக்கு என்றால் கதை வேறு. வயதானவர்களில் செய்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2017ல் வந்த கணக்கில், எடைப் பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சராசரியாக 1.37 கிலோ கொழுப்பில்லா எடை கூடுதல், பலமும் கூடுதல். மேலே ஒருவர் சொன்னதுபோல் அதில் தண்ணீரும் இருக்கும். ஆனாலும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். நான் எடுக்கிறேன், காலையில் தேத்தண்ணியோடு கரைத்துக் குடித்துவிடுவேன். கால் பலம் கூடியிருக்கிறது, ஆனால் பயிற்சியால் எவ்வளவு, பவுடரால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

பிள்ளைகள் அம்மாமாருக்கு வாங்கிக் கொடுப்பதென்றால் முதலில் ஒரு சோடி டம்பெல்லும் தூக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவரையும் பிடித்துக் கொடுங்கள். பயிற்சி இல்லாமல் இதைக் குடித்து ஒரு பயனும் இல்லை.

மைல்கல் (சென்னை)

நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அரை மாரத்தான், மாரத்தான் ஓடுகிறவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை. நம் ஓட்டம் ஆக்ஸிஜனைக்கொண்டு எரியும் சக்தியில் நடப்பது, பத்து விநாடிக் கையிருப்பு அங்கே பேச்சே இல்லை. அதோடு கூடும் ஒன்றரைக் கிலோவைச் சுமந்துகொண்டே ஓட வேண்டும். மேட்டில் வேக ஓட்டம், கடைசி 200 மீட்டர் முடுக்கம் என்று பயிற்சி செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் உதவலாம்.

தசைப்பிடிப்பு வரும், சென்னை வெயிலில் ஆபத்து என்று எங்கள் குழுவில் சொல்வார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்களைக் கவனித்து 2003ல் வந்த ஆய்வில் கிரியேட்டின் எடுத்தவர்களுக்குத் தசைப்பிடிப்பும் நீரிழப்பும் குறைவாகவே இருந்தன. தண்ணீர் வழக்கம்போல் நன்றாகக் குடித்தால் போதும்.

விடுதி_அறை

அண்ணா, எனக்கு 17 வயது, பிளஸ் டூ. ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம். நண்பர்கள் எல்லோரும் எடுக்கிறார்கள். நானும் எடுக்கலாமா? முடி கொட்டும் என்கிறார்களே, அது உண்மையா?

இரும்புப்பட்டறை (மதுரை)

வேண்டாம் தம்பி. ஆபத்து என்று பயமுறுத்தவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 18 வயதுக்குக் கீழே ஊக்கப்படுத்துவதில்லை, அந்த வயதில் நீண்ட நாள் ஆய்வுகள் குறைவு. அதைவிடப் பெரிய காரணம், உன் வயதில் ஒழுங்காகச் சாப்பிட்டு, எட்டு மணி நேரம் தூங்கி, சரியான முறையில் தூக்கினாலே மாதாமாதம் பலம் ஏறும். முதல் வருடத்தில் கிடைப்பது எந்த டப்பாவிலும் கிடைக்காது. விடுதியில் சாப்பாடு போதவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு முட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பால் வாங்கு.

இன்னொன்றும் கேட்டுக்கொள். ஜிம்மில் யாராவது "இதைவிட ஸ்பீடா ரிசல்ட் வரும்" என்று ஊசியோ மாத்திரையோ காட்டினால் அது ஸ்டீராய்டு. அது ஹார்மோன். விரை சுருங்குவது, இதயம் பெருப்பது, ஈரல் கெடுவது எல்லாம் அதில் நிஜமாகவே நடக்கும். கிரியேட்டின் ஹார்மோன் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இரு.

முடி பற்றி: தென்னாப்பிரிக்காவில் 20 ரக்பி மாணவர்களை வைத்து 2009ல் ஓர் ஆய்வு. ஒரு வாரம் லோடிங் செய்தபோது, முடி கொட்டுவதோடு தொடர்புள்ள டி.எச்.டி. என்ற ஹார்மோன் 56 சதவீதம் ஏறியது, ஆனாலும் இயல்பான வரம்புக்குள்தான். முடியை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஒரே ஆய்வுதான் இத்தனை வருடப் பயத்துக்கும் அடிப்படை. 2025ல் ஈரானில் 12 வாரம் தினம் 5 கிராம் கொடுத்து, ஹார்மோனையும் தலைமுடியையும் சேர்த்தே அளந்தார்கள். வித்தியாசம் இல்லை. 12 வாரம் என்பது முடிக்குக் குறுகிய காலம்தான், ஆனால் இதுவரை நேரடியாகப் பார்த்த சான்று அதுதான்.

நடுக்கோடு (பெரம்பலூர்)

மாவட்ட, மாநில அளவில் கபடி ஆடுகிறேன். எங்கள் ஆட்டத்துக்கு இது பொருத்தமானது. ஒரு ரெய்டு 30 விநாடி, அதில் முழுமூச்சுப் பாய்ச்சல் நாலைந்து விநாடி, திரும்பி வந்து கொஞ்சம் ஓய்வு, மறுபடி பாய்ச்சல். எங்கள் பயிற்சியாளர் சொல்லித்தான் எடுக்க ஆரம்பித்தேன், இரண்டாம் பாதியில் கால் தளர்வது குறைந்திருக்கிறது. எடைப் பிரிவில் ஆடுகிறவர்கள் மட்டும் அந்த ஒன்றிரண்டு கிலோவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எடை பார்க்கும் நாளுக்கு முன்னால் தொடங்காதீர்கள்.

ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு பெரிய கவலை, டோப்பிங் சோதனை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் கிரியேட்டின் இல்லை. பிரச்சினை டப்பாவுக்குள் வேறு என்ன இருக்கிறது என்பதில்தான். கலப்படத்தால் தடைப் பொருள் உடம்பில் வந்தாலும் பொறுப்பு ஆட்டக்காரருடையது, "எனக்குத் தெரியாது" என்றால் விடமாட்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கடையில் கொடுத்த பெயர் தெரியாத கலவையைக் குடித்துவிட்டு, தேர்வுப் போட்டிக்கே போகாமல் பயந்து ஒதுங்கிவிட்டான். நல்ல ரெய்டர். இன்று வரை எனக்கு ஆறவில்லை.

அதனால் தொகுதி தொகுதியாகச் சோதித்துச் சான்று தரும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற முத்திரை உள்ளதைத்தான் வாங்குவேன். நம் நாட்டு முகமையான நாடாவின் செயலியில் மருந்துகளின் பெயரைப் போட்டுப் பார்க்கும் வசதி உண்டு, ஆனால் அது சப்ளிமென்ட் டப்பாவுக்கு உத்தரவாதம் தராது.

சோதனைக்குழாய் (கோவை)

நடுக்கோடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2024ல் கேரள மருத்துவர்கள் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கிச் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன. அது புரதம், கிரியேட்டின் இல்லை. ஆனால் அதே அலமாரியில் விற்கும் பொருள்தானே.

டப்பாவில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அது இருப்பது குறைந்தபட்சத் தகுதி, தரச் சான்று இல்லை. உள்ளடக்கத்தில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்று ஒரே ஒரு பெயர் இருந்தால் நல்லது. "சிறப்புக் கலவை" என்று போட்டு எது எத்தனை கிராம் என்று சொல்லாதவற்றைத் தவிருங்கள்.

பனங்கிழங்கு (தூத்துக்குடி)

கலப்பட விஷயத்தில் நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். சைவக்காரருக்கும் வயதானவர்களுக்கும் பலன் உண்டு என்பதை ஏற்கிறேன். மீன் சாப்பிடுகிற வீட்டில் இளைஞர்களுக்குப் பழக்கப்படுத்துவதை மட்டும் இன்னும் ஏற்க முடியவில்லை. பையன் பருப்பையும் மீனையும் ஒதுக்கிவிட்டு ஸ்கூப்பைப் பிடிப்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். மோனோஹைட்ரேட்டைவிட எச்.சி.எல்., எத்தில் எஸ்டர், பஃபர்டு என்றெல்லாம் மூன்று மடங்கு விலையில் வருகிறதே, அவை மேலா?

இரும்புப்பட்டறை (மதுரை)

இல்லை. எத்தில் எஸ்டரை 2009ல் ஒப்பிட்டார்கள். தசையில் குறைவாகத்தான் சேர்ந்தது, ரத்தத்தில் கிரியேட்டினின்தான் ஏறியது. பஃபர்டு வகையை 2012ல் சோதித்தார்கள், சாதாரண மோனோஹைட்ரேட்டை மிஞ்சவில்லை. எச்.சி.எல். தண்ணீரில் நன்றாகக் கரையும், அவ்வளவுதான், தசையில் கூடுதல் பலன் என்று காட்டவில்லை. மலிவானதே போதும். 3 கிராம் கணக்கில் எடுத்தால் 250 கிராம் டப்பா 83 நாள் வரும்.

பையன் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். என் ஜிம்மில் சேருகிறவர்களிடம் முதலில் கேட்பது காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான்.

நொய்யல்_கரை (திருப்பூர்)

கடைசியாக ஒன்று. மோரில் கலந்து குடிக்கலாமா? காலையிலேயே கலக்கி பாட்டிலில் எடுத்துப்போய் சாயந்திரம் குடித்தால் கெடுமா? ஜெல்லி மிட்டாய் மாதிரி வருவதை வாங்கினால் வசதியாக இருக்குமே?

சோதனைக்குழாய் (கோவை)

மோரில் கலக்கலாம், கலக்கியதும் குடித்துவிட வேண்டும். ஈரத்தில், அதிலும் புளிப்பான திரவத்தில், கிரியேட்டின் மெல்ல மெல்லக் கிரியேட்டினினாக மாறும், வெயிலில் இன்னும் வேகமாக. சில மணி நேரத்தில் பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் திருப்பூர் வெயிலில் சாயந்திரம் வரை பையில் வைத்திருக்க நான் சொல்ல மாட்டேன். பவுடரைச் சின்ன டப்பாவில் தனியாக எடுத்துப்போய் அங்கே கலக்குங்கள். ஜெல்லியிலும் இதே ஈரப் பிரச்சினைதான், மாதக்கணக்கில் கடையில் இருந்தபிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது தெரியாது, சர்க்கரையும் சேரும். பவுடர் அடியில் மணல் மாதிரித் தங்கினால் வெதுவெதுப்பான தண்ணீரில் கரையும், தங்கியதையும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்துவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது சீட்டில் "கிரியேட்டின் எடுக்கிறேன்" என்று எழுதச் சொல்லுங்கள். முந்தின நாள் கனமான பயிற்சி வேண்டாம்.